தட்டினால் கேட்கிற சுவர்

ஜனவரி 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மகள் வீட்டில், உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருகிறவள் நலமாகத்தான் இருப்பாள். கண்ணாடிக் கடையை விற்றுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றாய். என் காது இருக்கிற லட்சணத்துக்கு நீ பேசுவதும் ரயில் போவதும் ஒன்றுதான். அதனால் எழுது. கோழி கிளறிய மாதிரி இருக்கும் உன் கையெழுத்தை வாசிக்க என் கண் இன்னும் ஒத்துழைக்கிறது.

முதலில் நல்ல செய்தி. என் தராசுக் கடைக்குத் தகடு வந்துவிட்டது. வாசல் நிலைக்கு மேலே, வெண்கலத்தில், உள்ளங்கை அகலத்துக்கு: ‘கட்டிய நாள் முதல் மாற்றப்படாதது.’ தெருப் புதுப்பிப்புத் திட்டத்திலிருந்து வருகிற அந்தச் சின்னப் பெண்தான் ஏணி போட்டு மாட்ட வைத்தாள். நீ பார்த்திருக்கிறாய், மஞ்சள் தொப்பி, ஒரு பேச்சுக்கு மூன்று நன்றி சொல்வாளே. தெருவே அவளுக்கு நன்றிக்காரி என்று பெயர் வைத்துவிட்டது. தகடு உள்ள கடையை முழுசாக அப்படியே விட்டுவிடுவார்கள், கடைக்காரரும் அங்கேயே தொழில் நடத்தலாம். தகடு இல்லாத கடைக்கு முகப்பு மட்டும் நிற்கும். பின்னால் எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள், கடைக்காரருக்கு ஊர் எல்லையில் எங்கோ ஓர் இடம். தெருவின் தன்மையைக் காப்பாற்றுகிறார்களாம்.

நான் சும்மா இருப்பேனா? அவள் ஆய்வுக்கு வருவதற்கு முன்பே கடை கடையாக ஏறி இறங்கினேன். புத்தகம் கட்டுகிறவர், பொத்தான் கடை, பூட்டுக்கடை எல்லாருக்கும் ஒரே பாடம்: ‘கேட்டால், எங்கள் கட்டடத்தில் ஓர் ஆணிகூட நாங்கள் அடித்ததில்லை என்று சொல்லுங்கள்.’ விற்றுவிட்டுப் போகிற நீகூட எனக்காக அப்படித்தான் சொன்னாய். அதை மறக்க மாட்டேன். தகடு வராத கடை இந்தத் தெருவில் அனேகமாக இல்லை, உன்னுடையதைத் தவிர. அது இப்போது அவர்கள் சொத்து. முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே பெரிய கூடம் ஒன்று கட்டப் போகிறார்களாம்.

காலையில் கடை திறந்ததும் பழக்க தோஷத்தில் உன் பக்கத்துச் சுவரைத் தட்டிவிடுகிறேன். கடையில் கூட இருக்கிற என் தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். பார்க்கட்டும்.

ஒரே ஒரு தொல்லை. கல்லா மேசையில் அப்பா காலத்துச் சோதனைத் தராசு இருக்கிறதே, மற்ற தராசுகளைச் சரிபார்ப்பதற்கு வைத்திருப்பது, அதன் முள் இரண்டு நாளாக நடுவில் நிற்கவில்லை. மேசையைத் துடைக்கும்போது தம்பி இடித்திருப்பான். ஒரு காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

உன்
தராசு


ஜனவரி 24

அன்புள்ள தராசுக்கு,

உன் கடிதத்தை மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு மூன்று தடவை படித்தேன். உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருகிறது, உண்மைதான். அதைச் சமைப்பதும் நான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

இந்த வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. எல்லாம் வெள்ளைச் சுவர். முகம் பார்க்க ஒரே கண்ணாடி, அதுவும் குளியலறையில். நாற்பது வருடம் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சியே தெரிகிற கடையில் உட்கார்ந்திருந்தவள், இங்கே நாள் முழுக்க என்னைப் பார்க்காமலே இருக்கிறேன். இளைத்துவிட்டேனோ, பெருத்துவிட்டேனோ, யாருக்குத் தெரியும். மருமகன் நல்ல பிள்ளை. கட்டடங்களுக்கு மின்தூக்கி போடுகிற கம்பெனியில் இருக்கிறான். சிரித்துக்கொண்டே பேசுவான்.

தகடு வந்ததில் சந்தோஷம். உன் பிடிவாதத்துக்குக் கிடைத்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. என் கடையின் உட்புறத்தைப் பிரிக்கும்போது நடுவில் இருக்கிற பொதுச்சுவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? என் வீட்டுக்காரர் பொருத்திய பெரிய கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றிவிட்டார்களா? அதைக் கழற்றுகிற அன்று நீ பக்கத்தில் இரு. அதோடு, மாடியில் உன் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தானே கிடக்கிறது? அதை எதிர்ப்பக்கம் நகர்த்திப் போடேன். தூசி வரும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

தராசு முள்ளுக்குத் தம்பியைத் திட்டாதே. பாவம், அவனும் வயதான பிள்ளை.

உன்
கண்ணாடி


பிப்ரவரி 11

அன்புள்ள கண்ணாடிக்கு,

கட்டிலை நகர்த்தச் சொல்கிற அளவுக்கு எப்போதிலிருந்து தூசிக்குப் பயப்பட ஆரம்பித்தாய்? உன் கடையில் மரத்தூளைத் தட்டிவிட்டு அதே கையால் டீ குடித்தவள் நீ.

உன் கடையின் கூரையைக் கழற்றிவிட்டார்கள். பரணையும் மாடித் தளத்தையும் அடுத்தடுத்து இறக்கினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உன் முகப்பு, பச்சை ஜன்னல், ‘நிலைக்கண்ணாடி – படச் சட்டம்’ பலகை எல்லாம் அப்படியே நிற்கின்றன, பின்னால் இரும்புக் கம்பிகளால் முட்டுக்கொடுத்து. ஜன்னலைத் திறந்தால் மட்டும் உள்ளே வெறும் வானம் தெரிகிறது. நேற்று ஒரு புறா உன் மாடி ஜன்னல் வழியாக உள்ளே போய், மேலே வழியாக வெளியே வந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றிய அன்று என்னை உள்ளே விடவில்லை. சுவரில் அடித்த பலகை எதையும் தொடவில்லையாம், சுவரை ஒட்டி இருப்பதைக் கடைசியில்தான் பிரிப்பார்களாம். ஏன் கேட்டாய்?

இங்கே சத்தம் தாங்கவில்லை என்று தெருவே புலம்புகிறது. என் காதுக்கு ஒன்றுமில்லை, முதல் தடவையாகச் செவிடாக இருப்பதில் லாபம் கண்டேன். ஆனால் காலில் தெரிகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் பாதம் நடுங்குகிறது. பின்கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுக்கிறது. மழை ஈரத்தில் மரம் ஊறியிருக்கும் என்றேன். மழையே பெய்யவில்லையே அக்கா என்கிறான் தம்பி. அவனுக்கு எதிர்ப்பேச்சு பழகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை கேள். படிக்கட்டுப் பக்கத்தில் மயிர் அளவு ஒரு விரிசல் இருந்தது. நன்றிக்காரி அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையுமாம், வாரம் ஒருமுறை வந்து பார்ப்பாளாம். உன் தொழில் கடைசியில் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது பார் என்று சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை அது உடைந்துவிட்டது. அவள் வருகிற நாள் வியாழன். உடைந்ததைக் கண்டால் ஆய்வு, மறு ஆய்வு என்று ஆரம்பிப்பார்கள், தகட்டைக் கழற்றினாலும் கழற்றுவார்கள். நீ போகும்போது கொடுத்துவிட்டுப் போன கண்ணாடி வெட்டும் வைரக் கத்தியும் மிச்சத் துண்டுகளும் இருந்தன. தம்பியை அதே அளவுக்கு வெட்டி ஒட்டச் சொன்னேன். வெட்டத் தெரியாமல் இரண்டைப் பாழாக்கினான், மூன்றாவது சரியாக வந்தது. அவள் வந்தாள், பார்த்தாள், நன்றி நன்றி என்று குறித்துக்கொண்டு போனாள். உன் கண்ணாடி என்னைக் காப்பாற்றியது.

தராசுக்கு இப்போது காகிதம் போதவில்லை. சின்ன மரத்துண்டு ஒன்றைச் செருகியிருக்கிறேன்.

உன்
தராசு


பிப்ரவரி 20

என் தராசுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். அந்தச் சுவர்ப் பக்கம் உட்காராதே.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருக்கிறாள். டீ போட்டிருந்தேன், கூப்பிடலாம் என்று நம் வழக்கப்படி சுவரில் மூன்று தட்டு தட்டினேன். இரண்டு தடவை, பிறகு கைவலிக்க ஒரு தடவை. ஒன்றும் நடக்கவில்லை. மருமகன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அத்தை, இது ஒத்தைச் செங்கல் கனத்துச் சுவர். இதுலயே அந்தப் பக்கம் கேக்காது. உங்க தெருவுல முழத்துக்குச் சுவர் இருக்குன்னு சொல்வீங்களே, அதுல எப்படித் தட்டிப் பேசினீங்க?”

அவன் விளையாட்டாகக் கேட்டான். எனக்குக் கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது.

எப்படிப் பேசினோம்? நான் இரண்டு தட்டு தட்டினால் சில்லறை வேண்டும், மூன்று தட்டினால் டீ வந்துவிட்டது. நீ ஒரு நாளாவது கேட்காமல் விட்டிருக்கிறாயா? காது மந்தமான பிறகும் கேட்டாயே. நான் வியந்து கேட்டபோது நீ சொன்னாய்: “எனக்குக் கேக்க வேணாம்டி. நீ தட்டினா என் எடைக்கல்லெல்லாம் கிணுகிணுங்குது.” அன்று நாம் இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்.

என் பக்கம் என்ன இருந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஆளுயரக் கண்ணாடிகளை நிறுத்த இடம் போதாமல் அவர் அந்தச் சுவரைக் குடைந்திருந்தார். முன்னிருந்து பின்வரை, சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். முன்னால் பலகை அடித்து மறைத்துவிட்டார். நான் அந்தக் கடைக்கு மருமகளாக வந்தபோதே அது இருந்தது. பாதிச் சுவர் போனாலும் மீதிப் பாதி இருக்கிறதே என்றுதான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். ஆய்வில் சொல்லாமல் விட்டதும் அந்தத் தைரியத்தில்தான்.

உன் எடைக்கற்கள் எங்கே இருக்கின்றன? அலமாரியில் என்றாய். கல்லாவுக்குப் பின்னால் அப்படி ஓர் அலமாரி வெளியே துருத்திக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை. கதவுகள் சுவரோடு சுவராக இருக்கும். அப்படியானால் அலமாரி எதற்குள் இருக்கிறது?

என் பக்கத்தில் தளமும் பரணும் இருந்தவரை அவை அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. உன் தராசு ஒரு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ அதன் வாயில் காகிதத்தை அடைக்கிறாய்.

கடையைப் பூட்டு. தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போ. நன்றிக்காரியிடம் நீயே சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உன்
கண்ணாடி


மார்ச் 1

கண்ணாடி,

படித்தேன். நின்றுகொண்டுதான் படித்தேன்.

ஆமாம். அப்பா குடைந்தார். எடைக்கல் வைக்க அதைவிட உறுதியான இடம் உண்டா? மேல் தட்டில் சின்னக் கற்கள், கீழே போகப் போக இருபது கிலோ, ஐம்பது கிலோ. அவரும் சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் குடைந்திருப்பார், அவரும் மறுபாதி இருக்கிறது என்ற தைரியத்தில்தான். உன் வீட்டுக்காரரும் என் அப்பாவும் வாசலில் நின்று தினமும் அரை மணி நேரம் அரட்டை அடித்தவர்கள். இதை மட்டும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை பார்.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. நான் பாடம் சொல்லக் கடை கடையாகப் போனேனே, அன்று என்ன பார்த்தேன் தெரியுமா? புத்தகம் கட்டுகிறவர் தோல் சுருள்களை வைத்திருப்பது சுவருக்குள். பொத்தான் கடையின் இழுப்பறைகள் எல்லாம் சுவருக்குள். பூட்டுக்கடைக்காரர் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குடைந்திருக்கிறார். எல்லாரும் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, “எங்க கடையில மட்டும் இப்படி ஒண்ணு இருக்கு, சொல்லணுமாக்கா?” என்று கேட்டார்கள். எல்லாருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்.

இந்தத் தெரு முழுக்க இப்படித்தான் நிற்கிறது. நம் தாத்தா காலத்திலிருந்து நிற்கிறது. என் சுவரைத் திறந்தால் அடுத்த சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், அதற்கடுத்ததை. ஒரு தகடு மிஞ்சாது. என் பேச்சைக் கேட்டு வாய் மூடிக்கொண்ட அத்தனை பேரையும் நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? உனக்கென்ன, நீ விற்றுவிட்டுப் போனவள். உனக்கு இது வெறும் சுவர்.

கட்டிலை நகர்த்திவிட்டேன், போதுமா? படிக்கட்டடியில் தம்பி இரண்டு மரம் வைத்து முட்டுக்கொடுத்திருக்கிறான். ஐம்பது கிலோ கற்களை வெளியே எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டோம். அலமாரியின் பின்சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, கொஞ்சம் வெளிப்பக்கமாகப் போயிருக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடித் துண்டு இந்த வாரம் இரண்டு தடவை உடைந்தது. தம்பிக்கு இப்போது நன்றாகவே வெட்ட வருகிறது.

சோதனைத் தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். முள் நடுவில் நிற்காத தராசை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைப்பது தொழிலுக்கு அழகில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆனால் பயத்தோடு இருந்துவிடுவேன், தெருவைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு இருக்க மாட்டேன். பேசாமல் இரு. நாற்பது வருடத்தில் உன்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

தராசு


மார்ச் 9

என் தராசுக்கு,

இன்று காலை நன்றிக்காரியைப் போனில் பிடித்தேன். என் பக்கத்துப் பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற கதவுகளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கண்ணாடித் துண்டைப் பற்றியும் சொன்னேன். அவள் நன்றி சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மற்ற கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள்மேல் ஆணை.

நீ பேசாமல் இருக்கச் சொன்னாய். இருந்து பார்த்தேன். அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் உன் எடைக்கற்கள் கிணுகிணுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னால் முடியவில்லை.

இங்கே என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. மருமகனிடம் கேட்டுவிட்டேன், சந்தோஷமாகச் சரி என்றான். தம்பிக்கும் அவன் கம்பெனியில் ஏதாவது பார்ப்பான். வந்துவிடு. திட்டுவதற்காகவாவது வா.

உன்
கண்ணாடி


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் இங்கு வந்து சேர்வதற்கு முன்பே அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நடந்ததைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்பதால் எழுதுகிறேன்.

காலையில் பத்துப் பேர் வந்தார்கள். எங்களை வாசலில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். நடுவில் மிஞ்சியிருந்தது நாலு விரல் கனம். ஓர் ஆள் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு செங்கல்லை விரலால் தள்ளினார். அது என் எடைக்கல் தட்டில் வந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியாக உங்கள் பக்கத்து வானம் தெரிந்தது. நன்றிக்காரி வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். “நான் வாரா வாரம் வந்து பாத்தேனேம்மா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாமான்களை எடுக்க அன்று சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார்கள். மறுநாள் சுவரை அவர்களே இறக்கிவிட்டார்கள். அது நின்றிருக்குமா, விழுந்திருக்குமா என்று இனி யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அதற்கப்புறம் தெரு முழுக்கச் சின்னச் சுத்தியலோடு போனார்கள். நீங்கள் மற்ற கடைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நம்புகிறேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. தட்டிய இடமெல்லாம் கேட்டது. மாதம் முடிவதற்குள் தகடுகளை எல்லாம் கழற்றிவிட்டார்கள். நிலைகளுக்கு மேல் நாலு ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. தெருவில் யாரும் ஒரு செங்கல்லைக்கூட இடிக்காத மாதிரி அப்படியே முகப்புகள் நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. என் பலகையைத் துடைத்து மெருகுகூட ஏற்றியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் கடை இல்லை. கடந்த வாரம் வெளியூரிலிருந்து வந்த சிலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தகம் கட்டுகிறவர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். பொத்தான் கடைக்காரரின் மனைவி நேரிலேயே கேட்டாள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான்.

ஊர் எல்லையில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கீழே கடைக்கு இடம், மேலே படுக்க இடம். சோதனைத் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். அடியில் ஒன்றும் செருகவில்லை. முள் நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி சொன்னான்: “அக்கா, உயிரோட இருக்கோம்ல. அவங்களுக்கு ஒரு வார்த்தை நல்லதா எழுதேன்.” அவன் சொல்வது சரி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை வரவில்லை. வராததை எழுதத் தெரியாது எனக்கு.

உங்கள் மருமகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்தக் கட்டில் வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம்.

புது இடத்தின் சுவர் நல்ல சுவர். யாரும் தொடாதது. பக்கத்தில் யாரோ ஒரு பெண்தான் கடை வைத்திருக்கிறாள் என்று தம்பி சொன்னான். முதல் நாள் காலையில், கடை திறந்ததும், பழக்க தோஷத்தில் மூன்று தடவை தட்டிவிட்டேன். எடைக்கற்கள் ஒன்றுகூட அசையவில்லை.

இப்படிக்கு,
பக்கத்துக் கடையில் இருந்தவள்